என் தூக்கமும் அவள் சர்க்கரையும்

முப்பத்தோரு வருடம் நான் ஷிப்ட் வேலை பார்த்தவன். கைலாசபுரம் டவுன்ஷிப்பில் குடியிருப்பு, பக்கத்திலேயே தொழிற்சாலை, கொதிகலன் குழாய்களுக்கு வெல்டிங் வைக்கும் பிரிவு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை நைட் ஷிப்ட் சுற்றி வரும். அந்த வாரத்தில் காலை ஏழு மணிக்குக் கண் எரிய வீடு திரும்பி, குளித்து, நாலு இட்லியை விழுங்கிவிட்டுப் படுத்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் எழுவேன்.

அந்தத் தூக்கத்தைக் காவல் காத்தவள் என் மனைவி. அழைப்பு மணியின் கிண்ணத்துக்குள் பழைய துணியைச் சுருட்டி வைத்துவிடுவாள். குக்கர் விசில் என்னை எழுப்பிவிடும் என்று அந்த வாரம் முழுக்கச் சோற்றை வடித்தே ஆக்குவாள். கிரைண்டர் ஓடுவது மூன்று மணிக்கு மேல்தான். மீன்காரம்மா எங்கள் வரிசைக்கு வந்து குரல் கொடுத்துவிடுவாள் என்று இவளே தெருமுனைக்குப் போய் நின்று வாங்கி வருவாள். எங்கள் ஒரே மகள் மூன்று வயதில் கொலுசைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கப் பழகியிருந்தாள். “எங்க வீட்டுப் பள்ளிகொண்ட பெருமாள் எந்திரிக்க இன்னும் நேரமிருக்கு” என்று மனைவி பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கிசுகிசுத்துச் சிரிப்பாளாம்.

இதில் பாதி எனக்கு அப்போது தெரியாது. வீடு என்றால் இயல்பாகவே அமைதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குச் சர்க்கரை வந்தபோது வயது நாற்பத்தாறு. வையம்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாசனம் செய்த குடும்பத்துப் பெண். உழைத்து இறுகிய உடம்பு. செருப்புக் கடித்த புண் ஒன்றரை மாதம் ஆறாமல் இருக்கவே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தெரிந்தது. முதலில் மாத்திரை. ஏழெட்டு வருடத்தில் காலையும் இரவும் ஊசி என்றாயிற்று. ஊசியை அவளே போட்டுக்கொள்வாள். சர்க்கரை, மைதா, கிழங்கு எல்லாவற்றையும் விட்டாள். அவளுடைய நோயைப் பற்றி நான் கவலைப்பட வேண்டிய அவசியமே வராதபடி அவள் பார்த்துக்கொண்டாள். அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று.

நான் ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் அடுக்குமாடி வீடு வாங்கினோம். கால் வலிக்கிறது, தரைத்தளமே போதும் என்றாள். தெருச் சத்தம் வராது என்று நான் இரண்டாவது மாடியை எடுத்தேன்.

அங்கே போன பிறகுதான் அவளுடைய ராத்திரிகளை நான் முதல் முறையாக விடாமல் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்குத் தினமும் ராத்திரிதானே ராத்திரி. பத்து மணிக்குப் படுப்போம். பதினொன்றரைக்கு எழுந்து பாத்ரூம் போவாள். ஒரு மணிக்கு மறுபடியும். இரண்டேகாலுக்கு, நாலுக்கு, ஐந்துக்கு. விளக்கு எரியும், தாழ்ப்பாள் விழும், ஃபிளஷ் இரையும். நடுவில் படுத்திருக்கும் நேரத்தில் குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை. ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிடும், மூச்சே இருக்காது, பிறகு தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவளைப் போல ஒரு திணறலோடு ஆரம்பிக்கும். குறட்டையும் இல்லாத நேரத்தில் கால் எரிச்சல். கட்டிலை விட்டு இறங்கி, ஹாலில் வெறுந்தரையில் பாதத்தை அழுத்தி அழுத்தி நடப்பாள்.

“என்னதான் பண்ணுது உனக்கு?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“பாதத்துல மிளகாய அரைச்சுப் பூசின மாதிரி எரியுதுங்க. போர்வை பட்டாக்கூட தாங்கல.”

“நாளெல்லாம் எரியாதது ராத்திரி மட்டும் எப்படி எரியும்?”

மருத்துவருக்குத் தெரிந்திருக்கும் பதிலை அவளிடம் கேட்டு, அவள் சொல்லாததால் நோய் இல்லை என்று நான் முடிவுக்கு வந்தேன்.

ஒரு வருடம் பொறுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நாலு மாதம்கூட இல்லை. “மனுஷன் தூங்க வேணாமா?” என்று ஒரு ராத்திரி கத்தினேன். காலையில் எழுந்து எந்த ஷிப்டுக்கும் போக வேண்டியிராத மனிதன் கத்தியது அது.

அன்றிலிருந்து அவள் மாறிக்கொண்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். நாக்கு வறண்டு உதடு வெடித்தது. விளக்கைப் போடாமல் இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு போனாள். ஃபிளஷை இழுக்காமல் குவளையில் தண்ணீர் மொண்டு சத்தமில்லாமல் ஊற்றினாள். முழங்காலுக்குக் கீழே கட்டில் சட்டம் இடித்த கன்றிய தழும்புகள் வரிசையாக இருந்தன. அவற்றை நான் பார்த்தேன். சர்க்கரைக்காரர்களுக்கு அடிபட்டால் ஆறாது, ஜாக்கிரதையாக இரு என்று புத்தி சொன்னேன்.

இரவெல்லாம் அப்படி என்றால் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும், கையில் கத்தி இருக்கும். டவுன் பஸ்ஸில் சத்திரம் நிறுத்தம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துவிடுவாள். நான் தோளை அசைத்து எழுப்புவேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததை ஒரு தடவை கவனிக்காமல் போனாள். காஸ் வாசனையில் நான்தான் ஓடிப் போய் மூடினேன். அந்தச் சம்பவத்தை வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னேன். அவளை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டுக்குச் சாட்சியாக.

என் அக்கா மகள் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கரூர் பைபாஸ் பக்கம் ஒரு மண்டபம். முதல் நாள் மதியத்திலிருந்து இவள் அங்கேதான் இருந்தாள். பூக்கட்டுவது, தாம்பூலப் பை போடுவது என்று எல்லாருக்கும் முன்னால் நின்றது இவள்தான். மறுநாள் முகூர்த்த நேரத்தில் முதல் வரிசை நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேளம் வேகமெடுத்தபோது அவள் தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை ஆரம்பித்தது. கெட்டிமேளம் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் மண்டபத்தில் அவள் குறட்டை மட்டும் கேட்டது. வீடியோக்காரர் கேமராவைத் திருப்பினார். பின்வரிசையில் இளசுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தபோது, “என்னடா, கும்பகர்ணனுக்குத் தங்கச்சியையா கட்டியிருக்க?” என்றாள்.

நான் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். “வீட்லயும் இதே கதைதான்க்கா. ராத்திரியெல்லாம் நடக்கறது, பகல்ல குறட்டை. சாப்பாடு, ஊசி, தூக்கம். வேற என்ன வேலை இருக்கு?” என்றேன்.

அந்த நேரத்தில் அவள் விழித்துவிட்டிருந்தாள் என்பதை நான் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். முந்தானையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாள், பெண்ணுக்கு விபூதி வைத்தாள், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“நான் தூங்கினத எல்லாரும் பாத்துட்டாங்க. தூங்காம கெடக்கறத நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க. நீங்களும் அப்படிச் சொல்லிட்டீங்க.”

“எல்லாத்தையும் பெருசாக்காத” என்றேன்.

அவளுக்கு வைத்தியம் பார்த்தவர் தில்லை நகரில் ஒரு சிறிய கிளினிக் வைத்திருந்த வயதான டாக்டர். கூட்டம் அதிகம். உள்ளே போனால் ஐந்து நிமிஷம். ரிப்போர்ட்டைப் பார்ப்பார், ஊசி அளவை மாற்றுவார், பாதத்தைப் பார்ப்பார். ஒரு தடவை அவர் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது இவள் நாற்காலி நுனிக்கு வந்து, “டாக்டர், ராத்திரியில தூக்கமே...” என்று ஆரம்பித்தாள்.

நான் குறுக்கே புகுந்தேன். “தூக்கத்துக்கு என்ன சார் குறை? பகல் பூரா தூங்கறா. அப்புறம் ராத்திரி எப்படி வரும்?”

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். “பகல்ல படுக்காதீங்கம்மா. சாயங்காலம் கொஞ்சம் நடங்க” என்றார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். அவர்மீது எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. நோயாளி சொல்ல வந்ததைப் பக்கத்தில் இருந்தவன் சொல்லி முடித்துவிட்டால் டாக்டர் என்ன செய்வார்? அதற்குப் பிறகு எந்த டாக்டரிடமும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஸ்ரீரங்கத்துக்கு வந்த எட்டாவது வருடம், பங்குனியில் நான் அடுத்த அறைக்கு மாறினேன். மகள் வந்தால் தங்குவதற்கென்று வைத்திருந்த அறை. கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை அதிக வேகத்தில் வைத்துவிட்டால் ஒன்றும் கேட்காது. கட்டிலை மாற்றிப் போட அவளும் ஒரு பக்கம் பிடித்தாள். “நீங்களாவது தூங்குங்க” என்றாள். அதில் கசப்பு இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். அன்று யோசிக்கவில்லை. ஏழு மாதம் அருமையாகத் தூங்கினேன். காலையில் கொள்ளிடக் கரை வரை நடந்துவிட்டு வரும்போது உடன் வரும் நண்பர்களிடம், தனி அறை வைத்துக்கொள்ளுங்கள், ஆயுசு கூடும் என்று பரிந்துரைகூடச் செய்தேன்.

காலையில் நான் எழும்போது அவள் தன் தலையணை உறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருப்பாள். தினமும் ஏன் துவைக்கிறாள் என்று கேட்டதில்லை. நடு ராத்திரியில் சர்க்கரை இறங்கி, தலையெல்லாம் வேர்த்து உறை நனைந்துபோகிறது என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் விளக்கும் வரை எனக்கு அது ஒரு பெண்ணின் சுத்தப் பழக்கம்.

ஐப்பசி மாதம், விடாத மழை. அன்று காலையிலிருந்தே அவளுக்கு வயிறு சரியில்லை. மதியம் மோர் மட்டும் குடித்தாள். ராத்திரி ஒரு இட்லியில் பாதியை வைத்துவிட்டாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

“சாப்பாடே எறங்கல. ஊசிய இன்னைக்கு கொஞ்சம் கம்மியா போட்டுக்கவா? டாக்டருக்கு ஒரு போன் பண்ணிக் கேக்கறீங்களா?”

டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. “இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க? எழுதிக் குடுத்த அளவப் போடு. போன தடவ ரிப்போர்ட்ல ஏறிக் கெடந்துச்சுல்ல?” என்றேன்.

போட்டுக்கொண்டாள்.

ராத்திரி ஒரு சத்தம் கேட்டு எனக்கு விழிப்பு வந்தது. எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்து உருளும் சத்தம். கை நீட்டிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த விளக்கைப் போட்டேன். மணி இரண்டு ஐம்பது. காதைக் கொடுத்தேன். மழைச் சத்தம்தான் இருந்தது. ஆரம்பித்துவிட்டாள் என்று முனகினேன். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. விளக்கை அணைத்து, தலையணையைக் காதின் மேல் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். தூக்கம் உடனே வந்தது.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். சமையலறை வாசலில் குறுக்கே கிடந்தாள். நெற்றியோரத்தில் ரத்தம் உறைந்திருந்தது. இடது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. நைட்டி, தலைமுடி எல்லாம் குளித்ததுபோல நனைந்து, பிறகு ஆறிச் சில்லென்றிருந்தன. சர்க்கரை டப்பா கவிழ்ந்து கிடந்தது. வலது கையிலும் உதட்டிலும் சர்க்கரை ஒட்டியிருந்தது. எறும்பு தரையிலிருந்து அவள் விரல்களுக்கும் கன்னத்துக்கும் சாரை வைத்திருந்தது.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உலுக்கினேன். மூச்சு மட்டும் இருந்தது, அந்தப் பழைய திணறல் மூச்சு. எறும்புகளைத் தட்டிவிட்டு, வாசல் கதவைத் திறந்து கத்தினேன். கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, ஸ்ட்ரெச்சர் லிப்டுக்குள் நுழையவில்லை. இரண்டு மாடியையும் அவளைப் போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டுதான் இறங்கினோம்.

ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறக்க மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. கண் திறந்தும் என்னைத் தெரிந்துகொள்ள இன்னும் ஒரு நாள் பிடித்தது. மூளைக்கு ரொம்ப நேரம் சர்க்கரை போகாமல் இருந்திருக்கிறது, எது திரும்பும் எது திரும்பாது என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அங்கே ஒரு இளம் பெண் டாக்டர். என் மகளைவிடச் சின்னவர். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“ராத்திரி எத்தனை தடவை எந்திரிப்பாங்க?”

“நாலஞ்சு தடவை. முன்னாடி. இப்ப தெரியல.”

“குறட்டை விடுவாங்களா? நடுவுல மூச்சு நிக்குமா?”

“ஆமாங்க.”

“வேர்த்து எந்திரிப்பாங்களா? காலையில தலைவலின்னு சொல்லுவாங்களா?”

“தெரியல மேடம்.”

“கூட யாரு படுப்பாங்க?”

“தனியாத்தான்.”

“நீங்க?”

“பக்கத்து ரூம்ல.”

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. குரலும் மாறவில்லை. “சார், தூக்கத்துல இவங்களுக்கு மூச்சு அடைபட்டு அடைபட்டு நின்னிருக்கு. சர்க்கரை இருக்கறவங்க நிறைய பேருக்கு இது வரும். அதனாலதான் பகல்ல தூக்கம் தள்ளியிருக்கு. சரியா தூங்கலைன்னா சர்க்கரையும் கட்டுக்குள்ள நிக்காது. கால் எரிச்சல் நரம்பு சம்பந்தப்பட்டது. ராத்திரி வேர்வை, சர்க்கரை எறங்கறதால. எல்லாத்துக்குமே வைத்தியம் இருக்கு. இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லலையா அவங்க?”

“சொன்னா” என்றேன்.

பெங்களூரிலிருந்து மகள் வந்தாள். வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்டாள். அவள் கத்தியிருந்தால் தேவலை.

“அப்பா, மூணு மணி நேரம் கெடந்திருக்காங்க. நீங்க எங்க இருந்தீங்க?”

“தூங்கிட்டிருந்தேன்மா. கதவு சாத்தியிருந்துச்சு.”

அப்போதுதான் அழைப்பு மணித் துணி, வடித்த சோறு, மீன்காரம்மா, கொலுசு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, “உங்க தூக்கத்துக்கு எங்க வீட்ல மூணு பேரு வேலை பாத்தோம், பாத்திரம் தேய்க்க வர்ற அம்மாவையும் சேர்த்து” என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். இரண்டு வருடமாகியும் என் போன் எண்ணுக்கு அவள் கூப்பிடுவதில்லை. அம்மாவின் போனுக்குத்தான் வரும்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். சில வார்த்தைகள் அவளுக்குத் திரும்பவே இல்லை. கரண்டியைச் சுட்டிக்காட்டி “அது, அது” என்பாள். இத்தனை வருடம் நடந்த தெருவில் திரும்புமிடம் தெரியாமல் நிற்பாள். மற்றபடி அவள்தான். ஒரு மாதம் கழித்துத் தூக்கத்துக்கான சோதனை செய்தார்கள். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். மூக்கில் மாட்டிக்கொள்ளும் மூச்சு மெஷின் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். ராத்திரி ஊசியை மாற்றினார்கள். கால் எரிச்சலுக்கு ஒரு சின்ன மாத்திரை. அவ்வளவுதான். எட்டு வருடம் அவளைத் தின்றதை மூன்று வாரத்தில் அடக்கிவிட்டார்கள்.

மெஷினை மாட்டிய நாலாவது நாள் காலை ஏழு மணி வரை எழாமல் தூங்கினாள். பயந்துபோய் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது. முப்பத்தைந்து வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை என்பது அப்போது உறைத்தது. அவள் தூங்கும்போது நான் எப்போதாவது பார்த்திருந்தால்தானே.

தை முடிந்த சமயம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். நிமிராமலேயே கேட்டாள்.

“அன்னைக்கு டம்ளர் விழுந்துச்சே. உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேக்கலையே” என்றேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“ம். நல்லா தூங்கியிருப்பீங்க.”

கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவ்வளவோடு எழுந்து போனாள். அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. சோறு பரிமாறினாள், வேட்டியை மடித்து வைத்தாள். எனக்குத்தான் அவள் எதிரில் உட்கார முடியவில்லை. பதினைந்து நாள் தாங்கினேன். ஒரு மதியம் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, “கேட்டுச்சு. கேட்டும் எந்திரிக்கல” என்று சொல்லிவிட்டேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அல்லது மன்னித்துவிடுவாள் என்று. முப்பத்தைந்து வருடம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் அவள் செய்திருந்தாள்.

“தெரியும்” என்றாள். வார்த்தைகளைத் தேடித் தேடி, மெதுவாகச் சொன்னாள். “விழுந்ததும் கூப்பிட்டேன். நாக்கு பொரளல. அந்த டம்ளர் தானா விழல. உங்களுக்குக் கேக்கட்டும்னு நான்தான் கையால தள்ளி விட்டேன். உங்க கதவுக்கு அடியில வெளிச்சம் வந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. வந்துருவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் வெளிச்சம் அணைஞ்சு போச்சு. அதுக்கு மேல எனக்கு ஞாபகம் இல்ல.”

நான் அவள் காலைப் பிடித்தேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை. நரம்பு கெட்டு மரத்துப்போன கால், அதில் என் கை இருப்பது அவளுக்குத் தெரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

“இன்னையிலேர்ந்து நான் உன் ரூம்லயே படுத்துக்கறேன். ராத்திரி நான் முழிச்சுப் பாத்துக்கறேன்” என்றேன்.

“வேணாம்.”

“ஏன்?”

“இப்பதான் நான் தூங்கறேன். கெடுத்துராதீங்க.”

அடுத்த வாரம் அவளே போன் செய்து, வையம்பட்டியிலிருந்து தன் தங்கையை வரவழைத்தாள். கணவனை இழந்து தம்பி வீட்டில் இருந்தவள். ஒரு பையோடு வந்தாள், இன்று வரை இருக்கிறாள். அக்காவின் அறையிலேயே கீழே பாய் போட்டுப் படுக்கிறாள். மூச்சு மெஷினில் தண்ணீர் ஊற்றுவது, படுக்கும் முன்பும் காலையில் எழுந்ததும் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது, தலைமாட்டில் குளுக்கோஸ் வைப்பது எல்லாம் அவளுடைய பொறுப்பு. என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒன்பதரைக்கு அந்த அறையின் கதவு உள்ளே தாழிடப்படும்.

மனைவி என்னிடம் பேசாமல் இல்லை. காய் என்ன வாங்குவது, கரண்ட் பில் வந்ததா, மழை வருமா என்று பேசுவாள். அவள் உடம்பைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. நான் கேட்டால், “நல்லாருக்கேன்” என்று முடித்துவிடுவாள். பரிசோதனைக்குப் போகும்போது தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் வருகிறாள். ஒரு தடவை நானும் கிளம்பினேன். “நீங்க இருங்க, வீட்டுல ஆளு வேணும்” என்றாள். திறந்து போட்டாலும் யாரும் வராத வீடு.

எனக்கு இப்போது தூக்கம் பிடிப்பதில்லை. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை; சொன்னாலும் பரிதாபப்பட ஆளில்லை. விளக்கை அணைக்கும்போது கை தயங்குகிறது, அவ்வளவுதான். ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த அறைக்குள்ளிருந்து மெஷினின் மெல்லிய இரைச்சல் சீராக வந்துகொண்டிருக்கும். அது சீராக இருக்கிறது என்பதைத் தவிர உள்ளே நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது.

காலையில் முதலில் வெளியே வருவது கொழுந்தியாள்தான். கொண்டையை முடிந்துகொண்டே சமையலறைக்குப் போவாள். நான் கேட்பதற்குக் காத்திருப்பதில்லை, அவளாகவே சொல்லிவிடுவாள். அவள் நல்லவள்.

“நூத்திப் பதினெட்டு இருக்கு மாமா. நல்லா தூங்கினாங்க.”

நான் தலையை ஆட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கீழே இறங்குவேன்.